எந்த வெள்ளம்

"உங்க பக்கம் வெள்ளம் வருமா?" என்றார்
போனில் பேசிய சென்னைக்காரர்.
ஒருநாள் விட்டு ஒருநாள், காலை ஆறு மணிக்கு,
முக்கால் மணி நேரம் என்றேன்.
கொஞ்ச நேரம் அவரிடம் சத்தமில்லை.
குடிக்கிற வெள்ளம், துணி அலசுகிற வெள்ளம்,
கேட்காமல் வாசல் ஏறுகிற வெள்ளம்,
எங்களுக்கு எல்லாம் ஒரே சொல்.
படிவத்திலும் அதற்கு ஒரே கட்டம்தான்.

ஒழுகினசேரி. பழையாற்றுக்கு இரண்டு தெரு தள்ளி.
கீழ்வீடு. ஆறு லட்சம் ஒற்றி, மூன்று வருடம்.
மாடியில் வீட்டுக்காரர் தாணுமாலயன்.
பேங்க் லோன் வாங்கியபோது
வீட்டை இன்ஷூர் செய்தாராம்.
அந்தக் குடைக்குள் நானும் நிற்கிறேன் என்றுதான்
இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

"அது அவருக்க சொவருக்காக்கும்"
ஹெல்மெட்டை நாற்காலியில் கவிழ்த்தாள் பெல்சிட்டா.
"சொவரு, கூரை, தரை.
உள்ள கெடக்கது உனக்க சாதனம்.
அதுக்கு நீதான் எடுக்கணும்."

எனக்க சாதனம்.
எழுந்து அறை அறையாகப் போனேன்,
யாரோ ஒருத்தியின் வீட்டைப் பார்ப்பதுபோல.
பிரிட்ஜ், எட்டு வயது, கதவோரம் துரு.
வாஷிங் மெஷின், இன்னும் ஐந்து தவணை.
ஜெர்ஷின் சர்ச்சில் வாசிக்கிற கீபோர்டு.
லேப்டாப். கட்டிலுக்கடியில் அரிசிச் சாக்கு.
நகை எத்தனை பவுன் என்றாள்.
அடகுக் கவருக்குள்
என்னைவிடப் பத்திரமாக இருக்கிறது என்றேன்.
"அப்போ அதை எழுதண்டாம்" என்றவள்
பேனாவை மூடிவிட்டுச் சிரித்தாள்.

ஒற்றிப் பணம்?
இந்த வீட்டில் எனக்குள்ள பெரிய சாமான் அதுதான்.
ஆனால் அது வீட்டில் இல்லை.
தாணுமாலயன் மகளின் கல்யாணப் பந்தியில்
எப்போதோ பாயசமாகிவிட்டது.
எந்த பாலிசியும் அதைத் தொடாதாம்.
ஒரு முத்திரைத்தாள் உண்டு,
மற்றபடி அவருடைய நல்ல குணம்.

"பழசுக்குப் பழசு வெலைன்னா
எட்டு வருசத்தைக் கழிச்சிட்டுத் தருவான்,
அந்தக் காசுக்குப் பிரிட்ஜுக்க கதவு கிட்டும்.
புதுசுக்குப் புதுசுன்னா எழுநூறு கூடும்.
மேல டாங்கு பொட்டி வந்தா ஒரு கணக்கு,
ஆறு ஏறி வந்தா வேற கணக்கு.
ரெண்டும் உண்டுமான்னு பாரு.
எதுன்னாலும் முதல் அஞ்சாயிரம் உனக்க கையிலேருந்து."
எழுநூறு,
எக்ஸ்ரே அறையில் எனக்கு ஒரு ராத்திரி டியூட்டி.
பிறர் எலும்பைப் படமெடுத்துச் சம்பாதிப்பது.
புதுசுக்குப் புதுசு என்றேன்.

அன்றைக்கு என் வீட்டைப் படமெடுத்தேன்.
பில்லைப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு
ஒவ்வொன்றாக நின்றான் ஜெர்ஷின்.
பிரிட்ஜை நகர்த்தியபோது
நீலப் பெயிண்டுக்கு அடியில், முழங்கால் உயரத்தில்,
சுவர் முழுக்க ஒரு கோடு.
நான் வருவதற்கு முன்பே வந்துபோனது.
"சும்மா ஈரமாக்கும்" என்று
சாவி தந்த அன்று சொல்லியிருந்தார்.

பதினோராவது கேள்வி:
இதற்கு முன் வெள்ளம் புகுந்ததுண்டா?
இல்லைன்னு போட்டால் பிரீமியம் குறையுமே என்றேன்.
"குறையும். நாளைக்கு நீ காசு கேட்டுப் போகும்போ
ஆள் வந்து இந்தச் சொவரைத்தான் பாப்பான்."
பெல்சிட்டா போன பிறகும்
படிவம் மேசையில் கிடந்தது.
ராத்திரி எப்போதோ
'ஆம்' என்ற கட்டத்தில் டிக் போட்டேன்,
பேனா இரண்டு முறை எழுதாமல் போய்
மூன்றாம் முறை காகிதம் கிழிகிற மாதிரி.

விடியுமுன் மாடியிலிருந்து தாணுமாலயனின் குரல்,
"பிள்ளே, வெள்ளம் வந்தாச்சு!"
துள்ளி எழுந்து
முதலில் கட்டில் காலைப் பார்த்தேன்,
பிறகு பிரிட்ஜின் பிளக்கை, பிறகு ஜெர்ஷினை.
அப்புறம்தான் கேட்டது,
முற்றத்துக் குழாயடியில்
காலிக் குடத்துக்குள் அது விழுகிற சத்தம்.